கால்பந்து ஏணியில் காணாமல் போன படிகள்!

குட்டீஸ்... ஓசூர் சிப்காட் பக்கம் வசிக்கிறீர்களா? அப்படியானால், இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதாகத் தான் இருக்கும். ஷிப்ட் முடிந்ததும், கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளியே வரும். யூனிபார்ம் போட்ட அண்ணன்கள் இறங்கி, டீக்கடையில் நிற்பர். பக்கத்துக் காலி மனையில், செங்கற்களை அடுக்கி, 'கோல் போஸ்ட்' ஆக்கி, நீங்கள் பந்தை உதைத்துக் கொண்டிருப்பீர்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும், எல்லாரையும் ஏமாற்றி, பந்தைக் கொண்டு போய் கோல் போட்டு விடுவான். 'இவன் பெரிய ஆளா வருவான்டா...' என்பார், டீ குடிக்கும் அண்ணன் ஒருவர்.

சரி... எப்படி வருவான்? காலி மனையில் இருந்து, 'டிவி'யில் காட்டும் பெரிய மைதானம் வரை போக வழி எது? அந்த வழி சரியாக இருக்கிறதா? 2025ல், இந்தியக் கால்பந்தையே உலுக்கிய கேள்வி இது தான். வாருங்கள், பார்ப்போம்!

அணிகளுக்கும் பரீட்சை!

ஆண்டு இறுதித் தேர்வில் தேறினால், 5ம் வகுப்பில் இருந்து 6ம் வகுப்புக்குப் போவீர்கள் அல்லவா? கால்பந்திலும் அப்படித்தான். ஆனால், இங்கே மாணவருக்குப் பதில், அணிக்குத் தேர்வு!

ஒரு லீக்கில் பல அணிகள் இருக்கும். எல்லாரும் எல்லாருடனும் மோதுவர். ஜெயித்தால், 3 புள்ளி; 'டிரா' செய்தால், 1 புள்ளி; தோற்றால், பூஜ்யம். கடைசியில், முதலிடம் பிடித்த அணி, அடுத்த ஆண்டு மேல் டிவிஷனுக்கு ஏறும். கடைசி இடத்தில் இருக்கும் அணி, கீழ் டிவிஷனுக்கு இறங்கும்.

இதனால் என்ன லாபம்? எவ்வளவு சின்ன ஊர் அணியாக இருந்தாலும், ஜெயித்துக் கொண்டே இருந்தால், ஒருநாள் உச்சிக்குப் போகலாம். பணக்கார அணியாக இருந்தாலும், சோம்பேறியாக ஆடினால், கீழே வர வேண்டும். இதை விட நியாயம் வேறு உண்டா?

பிரேசிலில் ஒரு தொழில் நகரம்!

இந்த ஏணி நன்றாக வேலை செய்யும் நாடு, பிரேசில். அது மிகப் பெரிய நாடு என்பதால், பழைய காலத்தில், ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குப் போய் விளையாடுவது கஷ்டம். அதனால், ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக லீக் நடத்தத் தொடங்கியது. சாவோ பாலோ மாநில லீக், 1902ல் துவங்கியது. 2024 முதல், அந்த ஒரு மாநிலத்தில் மட்டும், ஐந்து டிவிஷன்கள்!

அதற்கும் மேலே, நாடு முழுவதற்குமான ஏ, பி, சி, டி என்ற நான்கு பிரிவுகள் உண்டு. சின்ன அணிகள், மாநில லீக்கில் நன்றாக ஆடினால் தான், 'டி' பிரிவுக்குள் நுழைய முடியும்.

தெற்கு பிரேசிலில், சாப்பகோ என்று ஒரு நகரம் இருக்கிறது. ஓசூரைப் போலவே, தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். ஒரு வித்தியாசம்... இங்கே லாரி, பைக், கடிகாரம் தயாராகின்றன. அங்கே, கோழி மற்றும் பன்றி இறைச்சியைப் பதப்படுத்துகின்றனர்.

அந்த ஊர் அணியின் பெயர், சாப்பகோயென்சி. 1973ல் உருவானது. 2009ல், கடைசிப் படியான, 'டி' பிரிவில் ஆடியது. ஒவ்வொரு படியாக ஏறி, 2014ல், 'ஏ' பிரிவுக்கே வந்து விட்டது. ஐந்தே ஆண்டுகள்! 2016ல் நடந்த கொடிய விமான விபத்தில், தன் வீரர்களில் பெரும்பாலானோரை அந்த அணி இழந்தது. 2019ல், 'பி' பிரிவுக்கு இறங்கியது. ஆனாலும், அணி அழியவில்லை. 2020ல், 'பி' பிரிவில் முதலிடம் பிடித்து, மறுபடி மேலே ஏறியது. விழுந்தாலும், ஏணி அங்கேயே தான் இருந்தது என்பதை கவனியுங்கள்.

நம் ஏணியில் எத்தனை படி?

நம் நாட்டில், 2024 - 25 சீசனில், படிகள் இப்படி இருந்தன:

உச்சியில், ஐ.எஸ்.எல்., அதற்குக் கீழே, ஐ-லீக். அடுத்து, ஐ-லீக் 2. அடுத்து, ஐ-லீக் 3. எல்லாவற்றுக்கும் அடியில், மாநில மற்றும் நகர லீக்குகள். சென்னையிலும், பெங்களூருவிலும், உள்ளூர் லீக்கிலேயே பல டிவிஷன்கள் உண்டு.

ஓசூர் குட்டீசுக்கு இதில் ஒரு வேடிக்கை. உங்கள் மாநிலத் தலைநகர் சென்னை, 300 கி.மீ.,க்கும் அப்பால் இருக்கிறது. ஜூஜூவாடியைத் தாண்டி, அத்திப்பள்ளி வழியாகப் போனால், 40 கி.மீ.,யில், பெங்களூரு வந்து விடும். அதாவது, இரண்டு ஏணிகளுக்கு நடுவில் இருக்கிறீர்கள்!

இந்த ஏணியில் ஏறியவர்களும் உண்டு. சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர், சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடினார். பின், ஐ.எஸ்.எல்., அணிகளுக்குப் போனார். கோல்கட்டாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக, 2023 ஆகஸ்ட் 12ல், டுராண்ட் கோப்பைப் போட்டியில் களம் இறங்கினார். எதிரணி, பரம வைரியான மோகன் பகான். அந்த ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தது, நம் நந்தகுமார் தான்!

கம்பெனி அணிகள் எங்கே?

முன்பு, இந்த ஏணியின் நடுப்படிகளைத் தாங்கிப் பிடித்தவை, தொழிற்சாலைகளும், வங்கிகளும் தான். சென்னையில், இந்தியன் வங்கி, ஐ.சி.எப்., பெங்களூருவில், எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., என, பெரிய நிறுவனங்கள் அணி வைத்திருந்தன.

நன்றாக ஆடுபவருக்கு, வேலை கொடுப்பர். மாதச் சம்பளம் வரும். விளையாடும் வயது முடிந்தாலும், வேலை இருக்கும். 'பந்து விளையாடினா சோறு போடுமா?' என்று அதட்டும் அப்பாவுக்கு, அது நல்ல பதிலாக இருந்தது.

விமானம் தயாரிக்கும் எச்.ஏ.எல்., அணியின் கதையைக் கேளுங்கள். பெங்களூரு லீக்கில் ஆடிய அந்த அணி, 2010ல், இரண்டாம் டிவிஷனில் இருந்து, ஐ-லீக்குக்கு ஏறியது. அப்போது, நாட்டின் முதல் படி, ஐ-லீக் தான். இரண்டு சீசன் தாக்குப் பிடித்து, 2012ல் இறங்கி விட்டது.

இறங்குவது தவறில்லை. ஆனால், பல கம்பெனி அணிகள், ஏணியை விட்டே போய் விட்டன. 1996ல் தொடங்கிய தேசிய லீக்கில், முதல் சாம்பியன் யார் தெரியுமா? பஞ்சாபின் பக்வாரா ஊரில் இருந்த, ஜே.சி.டி., துணி ஆலை அணி! 2011ல் அது கலைக்கப்பட்டது. 2005 - 06ல் சாம்பியன் ஆன மகிந்திரா யுனைடெட், 2010லேயே கலைந்தது. ஏர் - இந்தியா, ஓ.என்.ஜி.சி., அணிகள், கிளப் லைசன்ஸ் விதிகளை நிறைவு செய்யாததால், 2013ல் ஐ-லீக்கில் இருந்து வெளியேற்றப்பட்டன.

கம்பெனி அணியில் ஒரு பலவீனம் உண்டு. கம்பெனியின் வேலை, பொருள் தயாரிப்பது. செலவைக் குறைக்க நினைத்தால், கால்பந்து அணி மீது தான் முதலில் கண் போகும்.

உச்சிப் படி ஆடியபோது...

'கம்பெனி அணிகள் போனால் என்ன... பெரிய முதலாளிகளின் கிளப்கள் வந்து விட்டனவே!' என்று நினைக்கலாம். 2014ல் தொடங்கிய ஐ.எஸ்.எல்., விளக்கு வெளிச்சம், வெளிநாட்டு வீரர்கள், 'டிவி' ஒளிபரப்பு என, அமர்க்களமாக நடந்தது. ஆனால், அங்கே ஒரு விதி இல்லை. கடைசி இடம் பிடித்தாலும், யாரும் கீழே இறங்க வேண்டியதில்லை!

மேலே ஏறும் கதவு, பிறகு தான் திறந்தது. ஐ-லீக்கை வென்று, 2023ல் பஞ்சாப் எப்.சி., 2024ல் முகமதன் ஸ்போர்ட்டிங் அணிகள், ஐ.எஸ்.எல்.,லில் நுழைந்தன.

இந்த நேரத்தில் தான், பெரிய சிக்கல் வந்தது. ஐ.எஸ்.எல்., நடத்துவதற்கு அடிப்படையான வணிக உரிமை ஒப்பந்தத்தை, அகில இந்திய கால்பந்து சம்மேளனம், 2010ல் போட்டிருந்தது. 15 ஆண்டு ஒப்பந்தம். 2025 டிசம்பர் 8ல் முடிய வேண்டும். அதற்குப் பின் என்ன செய்வது என்று முடிவாகவில்லை. அதனால், 2025 ஜூலையில், 'அடுத்த சீசன் நிறுத்தி வைப்பு' என்று அறிவித்தனர்.

உடனே, ஓசூருக்கு வலப்பக்கமும், இடப்பக்கமும் அதன் அதிர்ச்சி தெரிந்தது. ஆகஸ்டில், பெங்களூரு எப்.சி., தன் முதன்மை அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் எப்.சி.,யும் தன் பணிகளை நிறுத்தியது. நாடறிந்த வீரர்களுக்கே இந்த நிலை என்றால், கீழ்ப்படியில் நிற்கும் அண்ணன்கள் எவ்வளவு பயந்திருப்பர்!

கடைசியில், 2026 பிப்ரவரி 14ல் தான், சீசன் தொடங்கியது. கொஞ்சம் கணக்குப் போடுவோமா? மொத்தம், 14 அணிகள். ஒவ்வொன்றும், மற்ற, 13 அணிகளுடன் ஒரே ஒரு முறை மோத வேண்டும். 14ஐ, 13ஆல் பெருக்கி, இரண்டால் வகுத்தால், 91 ஆட்டம். முந்தைய சீசனில், ஒரு அணிக்கு, லீக் சுற்றில், 24 ஆட்டம் கிடைத்தது. இப்போது, 13 தான். ஆட்டம் குறைந்தால், புது வீரருக்குக் கிடைக்கும் வாய்ப்பும் குறையும் அல்லவா?

கோர்ட் என்ன சொன்னது?

இதற்கிடையில், 2025 செப்டம்பர் 19ல், சுப்ரீம் கோர்ட் முக்கியமான தீர்ப்பு ஒன்றைக் கொடுத்தது. கால்பந்து சம்மேளனத்தின் புதிய சட்ட விதிகளுக்கு ஒப்புதல் தந்தது. நாட்டின் உச்ச லீக்கில், அணிகள் ஏறுவதும், இறங்குவதும் இருக்க வேண்டும் என்பது, அந்த விதிகளில் ஒன்று.

கிளப் முதலாளிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. 'பல கோடி ரூபாய் போட்டிருக்கிறோம். ஒரு சீசன் சரியாக ஆடாமல் கீழே இறங்கினால், போட்ட பணம் என்ன ஆவது? விளம்பரம் தருபவர்கள் ஓடி விட மாட்டார்களா?' என்பது அவர்கள் கவலை. அதில் உண்மை உண்டு. ஆனால், யாரும் இறங்காத இடத்தில், புதிதாக ஏறுபவருக்கு இடம் எங்கே இருக்கும்?

இன்னொன்றையும் யோசியுங்கள். கோர்ட், மேல் கதவைத் திறந்து வைக்கச் சொல்லலாம். ஆனால், காலி மனையில் ஆடும் பையனை, அந்தக் கதவு வரை கொண்டு போவது, கீழ்ப்படி தான். மாவட்ட லீக், பள்ளிகளுக்கு இடையேயான போட்டி, உள்ளூர் மைதானம், ஒரு பயிற்சியாளர்... இவை, 'டிவி'யில் வருவதில்லை. அதனால் தான், எளிதில் காணாமல் போகின்றன. சம்பளத்தை நிறுத்திய நேரத்திலும், 'சிறுவர் அணிகளும், பயிற்சிப் பள்ளிகளும் தொடரும்' என்று தான், பெங்களூரு எப்.சி., அறிவித்தது. எதை நிறுத்தக் கூடாது என்று, அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

நாளை பள்ளிக்குப் போனதும், பி.டி., சாரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்...

* கிருஷ்ணகிரி மாவட்டத்தில், என் வயதுக்கு, என்னென்ன கால்பந்து போட்டிகள் நடக்கின்றன?
* அதில், நம் பள்ளி பெயர் கொடுக்க, என்ன செய்ய வேண்டும்?
* பெண் பிள்ளைகளுக்கும் அணி உண்டா?

அப்பாவோ, அம்மாவோ கம்பெனியில் வேலை செய்தால், 'உங்கள் கம்பெனியில் விளையாட்டு அணி இருக்கிறதா?' என்று கேட்டுப் பாருங்கள். இத்தனை தொழிற்சாலைகள் இருக்கும் ஊரில், நான்கு கம்பெனிகள் சேர்ந்து, ஒரு மைதானத்தைப் பராமரிக்க முடியாதா என்ன?

ஏணியின் உச்சியில் நிற்பவரைத் தான் எல்லாரும் அண்ணாந்து பார்ப்பர். ஆனால், ஏற நினைப்பவர் முதலில் கால் வைப்பது, அடிப்படியில் தான். அது உங்கள் ஊரில் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள், குட்டீஸ்!