ஊதினால் லைசென்ஸ் போகும். கோர்ட்டு ஏறினால் நாடே போகும்!

கனடாவில் குடித்துவிட்டு கார் ஓட்டி மாட்டுகிறவரின் பிழைப்பு, அவர் எந்த ஊரில் மாட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. வான்கூவரில் மாட்டினால் ஒரு கதி. தமிழர்கள் ஏராளமாக வாழும் டொரண்டோவில் மாட்டினால் வேறு கதி. இது என்ன நியாயம்?

இரண்டு வாலிபர்களை எடுத்துக் கொள்ளுங்கள். இருவரும் "பி.ஆர்." எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்கள். சனிக்கிழமை ராத்திரி விருந்து. ஆளுக்கு ஒரே அளவுதான் உள்ளே போனது. வீடு திரும்பும்போது போலீசார் வழிமறித்து, "ஊது" என்கிறார்கள்.

வான்கூவர் இருப்பது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். 2010-ம் ஆண்டு முதல் அங்கே பெரும்பாலும் ரோட்டிலேயே தீர்ப்பு! கருவி "பெயில்" காட்டினால் 90 நாள் கார் ஓட்டக் கூடாது. 500 டாலர் அபராதம். காரை 30 நாள் இழுத்துப் போய் நிறுத்தி விடுவார்கள். அந்தச் செலவும் அவர் தலையில்தான். பர்ஸ் காலி. ஆனால் கோர்ட்டு இல்லை, குற்றவாளி என்ற தீர்ப்பும் இல்லை. அதனால் இந்த ஒன்றை மட்டும் காட்டி அவருடைய பி.ஆரில் கைவைக்க முடியாது.

டொரண்டோ வாலிபருக்கும் 90 நாள் லைசென்ஸ் முடக்கம் உண்டு. அதோடு கிரிமினல் வழக்கும் வரும். முதல் தடவை என்றால் குறைந்தபட்சம் 1,000 டாலர் அபராதம். "அப்பாடா, ஜெயில் இல்லை" என்று வெளியே வருவார். அங்கேதான் வில்லங்கம்!

10 ஆண்டு கணக்கு

இந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை முன்பு 5 ஆண்டு. 2018 டிசம்பர் 18 முதல் அது 10 ஆண்டு ஆனது. 10 ஆண்டு வரை தண்டிக்கக் கூடிய குற்றம் எல்லாமே குடியேற்றச் சட்டத்தில் "கடுமையான குற்றம்". நீதிபதி என்ன கொடுத்தார் என்று பார்ப்பதில்லை. சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். 1,000 டாலர் கட்டியவரும் கொள்ளைக்காரனும் ஒரே பட்டியல்! வெளியேற்ற உத்தரவு வந்தால் பி.ஆர். உள்ளவர் அப்பீல் செய்யலாம். மாணவர் விசாவில் போனவருக்கு அந்தக் கதவும் இல்லை.

குடித்து ஓட்டுகிறவருக்குப் பரிதாபம் வேண்டாம். அவர் மோதிச் சாகிறது வழியில் போகிற அப்பாவி. லைசென்சைப் பிடுங்கட்டும், அபராதத்தை இரண்டு மடங்கு ஆக்கட்டும். யார் கேட்டது? ஆனால் அதே கோர்ட்டில், அதே குற்றத்துக்கு, கனடா குடிமகன் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். பக்கத்தில் நின்றவர் பெட்டி கட்டுகிறார். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் "ரோட்டோடு போகட்டும்" என்பதா, "வழக்குப் போடு" என்பதா என்று முடிவு செய்வது போலீசார்தான். ஒருவர் நாட்டில் இருப்பதா, போவதா என்பது நடுராத்திரியில் ரோட்டோரத்தில் முடிவாகலாமா? மாகாணத்துக்கு மாகாணம் மாறலாமா? அபராதத்தோடு முடிந்த முதல் வழக்கையாவது அந்தப் பட்டியலில் இருந்து எடுக்க வேண்டும். அதற்குத் திருத்தம் கொண்டு வர வேண்டியது ஒட்டாவா பாராளுமன்றம்.

அதுவரை, ரோட்டோர உத்தரவு தவறு என்று நினைக்கிறவர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 7 நாளுக்குள் மறு ஆய்வு கேட்க வேண்டும். எட்டாவது நாள் போனால் கதவு மூடி!

சென்னை ரசீது

இங்கே இருப்பவர்களுக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். 2019-ல் அபராதம் ரூ.10,000 வரை ஆனது. கோர்ட்டில் கட்டிவிட்டு, "விட்டது சனி" என்று வந்தவர்கள் எத்தனையோ பேர். கனடா விண்ணப்பமோ எந்த நாட்டில் தண்டனை பெற்றிருந்தாலும் சொல் என்கிறது. மறைத்தது தெரிந்தால் 5 ஆண்டு தடை. சொன்னாலும், அன்றைக்கு ஊதிய அளவு கனடா வரம்பான 80-ஐத் தொட்டிருந்தால் சிக்கல்தான். 40, 50 என்று இருந்தால் தப்ப வழி உண்டு. அதைக் காட்ட அந்த அளவு எழுதிய காகிதம் கையில் வேண்டுமே! எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்?