ஜெயிச்ச டீம் பேரு பிளெக்ஸ்ல இருக்கு, ஆடின பயலுக கணக்கு எங்க இருக்கு?

பொங்கலுக்கும் முழுப் பரீட்சை லீவுக்கும் எங்க அய்யலூர் சுத்துப்பட்டுல எந்த ரோட்டுல போனாலும் ஒரு பிளெக்ஸ் தொங்கும். ‘மாபெரும் டென்னிஸ் பால் கிரிக்கெட் போட்டி’. முதல் பரிசு உபயம் இன்னார், ரெண்டாம் பரிசு உபயம் இன்னார், கோப்பை உபயம் இன்னார். அந்தப் பேருகள்ல பாதிக்குப் பாதி, சென்னையிலயும் திருப்பூர்லயும் சிங்கப்பூர்லயும் வேலை பாக்குற நம்மூர்க்காரங்க. இதைப் படிக்கிற உங்கள்லயும் ரெண்டு மூணு பேரு இருப்பீங்க. ஊரை மறக்காம பணம் அனுப்புறீங்க, சந்தோசம்.

ஆனா போட்டி முடிஞ்ச மறுநாள் ஊருக்குள்ள போயி, “யாருப்பா ரொம்ப ரன் அடிச்சது? யாரு கம்மியா ரன் விட்டுக் குடுத்தது?”ன்னு கேட்டுப் பாருங்க. ஆளுக்கு ஒரு பேரு சொல்லுவான். கடைசியா அடிச்ச சிக்ஸரு மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். டீக்கடையில அதையே ஒரு மாசம் பேசுவாங்க. மூணு நாளு வெயில்ல கெடந்து ஆடின அத்தனை பயலுக கணக்கும் சிகரெட் அட்டையில எழுதின மொத்த ஸ்கோரோட காத்துல போயிரும்.

என்னோட கருத்து இதுதான்: பரிசுப் பணத்தை ஏத்துறதை விட்டுட்டு, முதல்ல ஒரு நோட்டு போட்டு ஒழுங்கா கணக்கு எழுதணும். எதை எழுதுறதுன்னும் நாமதான் யோசிச்சு முடிவு பண்ணணும்.

டவுன்ல பொறந்து வளந்தவங்களுக்காக ஆட்டம் எப்பிடி நடக்கும்னு கொஞ்சம் சொல்லிர்றேன். அறுவடை முடிஞ்ச காடு, இல்லாட்டி தண்ணி வத்தின குளம், இதுதான் கிரவுண்டு. ஆறு ஓவர், எட்டு ஓவர் மேட்ச்சு. ஒருத்தனுக்கு ரெண்டு ஓவருக்கு மேல குடுக்க மாட்டாங்க. ஒவ்வொரு டீமும் நுழைவுக் கட்டணம் கட்டணும். ஒரு பக்கம் புளியமரம் இருக்கும், இன்னொரு பக்கம் கிணறு இருக்கும். கிணத்துல பந்து விழுந்தா சில ஊர்ல அவுட்டு, சில ஊர்ல ரெண்டு ரன்னு. தோத்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு டீமு காலைல கட்டணம் கட்டி, பத்து மணிக்குள்ள தோத்து, பைக்குல மூணு மூணு பேரா திரும்பிப் போறதை நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன்.

இந்த ஆட்டத்துக்கு எதுக்குய்யா கணக்குன்னு கேப்பீங்க. எங்க தொழில்லயே பதில் இருக்கு. பால் சொசைட்டியில பால் ஊத்துறவன்கிட்ட கேளுங்க. வெறும் லிட்டரை வச்சு காசு குடுக்க மாட்டாங்க. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பில்லாத சத்து எவ்வளவுன்னு பாத்துத்தான் ரேட்டு போடுவாங்க. அஞ்சு லிட்டர் ஊத்துனவனுக்குக் கெடைக்கிற காசு ஆறு லிட்டர் ஊத்துனவனுக்குக் கெடைக்காமப் போகலாம். ரன்னும் அப்பிடித்தான். ரன்னுங்கிறது லிட்டரு மாதிரி. எத்தனை பந்துல அடிச்சாங்கிறதுதான் கொழுப்பு.

ஆறு ஓவர் மேட்ச்சுல மொத்தமே 36 பந்து. உதாரணத்துக்கு ஒருத்தன் 20 பந்துல 20 ரன் அடிக்கிறான். இன்னொருத்தன் 6 பந்துல 15 ரன் அடிச்சிட்டு அவுட் ஆயிர்றான். ஊரு 20 அடிச்சவனைத் தூக்கி வச்சு ஆடும். ஆனா பாதி ஆட்டத்துக்கு மேல தின்னுட்டு 20 ரன் குடுத்தவன் அவன். நூறு பந்துக்கு எத்தனை ரன்னுன்னு கணக்குப் பாத்தா முதல் ஆளுக்கு 100, ரெண்டாவது ஆளுக்கு 250. இதைத்தான் டிவியில ஸ்டிரைக் ரேட்டுன்னு சொல்றாங்க. இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம், பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சாப் போதும். பந்தை எண்ணி எழுத ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான்.

சராசரியில இன்னொரு வேடிக்கை இருக்கு. மொத்த ரன்னை ஆடின மேட்ச்சால வகுக்கிறது இல்ல, அவுட்டான தடவையால வகுக்கணும். எட்டு மேட்ச்சுல எட்டு தடவையும் அவுட்டாகி 160 ரன் அடிச்சவனுக்குச் சராசரி 20. கடைசியில எறங்கி எட்டு மேட்ச்சும் சேத்து 45 ரன் அடிச்சு, ஒரே ஒரு தடவை அவுட்டானவனுக்குச் சராசரி 45. நம்பரை மட்டும் பாத்தா ரெண்டாமவன் பெரிய மட்டை வீரன். உலகத்துலயே பெரிய சராசரின்னு சொல்ற பிராட்மேனோட 99.94 கூட இப்பிடி வந்ததுதான். டெஸ்ட்டுல 80 தடவை மட்டை பிடிச்சார், 70 தடவை அவுட்டு, 6996 ரன். 1948ல ஓவல் மைதானத்துல கடைசியா எறங்கினப்ப நாலு ரன் எடுத்திருந்தா சரியா நூறு வந்திருக்கும், சைபர்ல போல்டு ஆயிட்டார். அவரு 20 வருசம் ஆடிச் சேத்த நம்பர் அது. நம்ம பய மூணு நாளு ஆட்டத்தை வச்சு 45ன்னு சொன்னா, அது தக்காளிப் பெட்டியில மேல் வரிசையை மட்டும் பாத்து ரேட்டு சொல்ற மாதிரி. எங்க ஊரு தக்காளி மார்க்கெட்டுல எந்த யாவாரியும் அப்பிடி ஏமாற மாட்டான், பெட்டியைக் கவுத்துத்தான் பாப்பான். அதனாலதான் ஒரு போட்டியோட நிறுத்தாம வருசக் கணக்கா எழுதணும்னு சொல்றேன். நாலு வருசம் எழுதினா நம்பரு தானாப் பேசும்.

சரி, பேசி என்ன ஆகப் போகுது? சின்னப்பம்பட்டி நடராஜன் கதையை எல்லாரும் கேட்டிருப்பீங்க. சேலம் மாவட்டத்துல ஒரு கிராமம். அப்பாவுக்குத் தறி வேலை, அம்மாவுக்கு ரோட்டோரக் கடை. இருபது வயசு வரைக்கும் அவரு ஆடினது நம்ம பயலுக ஆடுற இதே டென்னிஸ் பால்தான். அந்த ஊர்லயே ஜெயப்பிரகாஷ்னு ஒருத்தர் பாத்து, இவன்கிட்ட சரக்கு இருக்குன்னு சென்னைக்குக் கூட்டிட்டுப் போனாரு. 2015ல ரஞ்சி, 2017ல ஐபிஎல், 2020 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல இந்தியா சட்டை. ஒரே சுற்றுப்பயணத்துல ஒருநாள், டி20, டெஸ்ட் மூணுலயும் அறிமுகமான முதல் இந்திய ஆட்டக்காரர் அவருதான். 2023ல தன் ஊர்லயே ஒரு மைதானமும் கட்டித் திறந்தாரு.

இந்தக் கதையை எல்லாரும் நடராஜன் திறமைக்காகச் சொல்லுவாங்க. எனக்கு அதுல உறுத்துறது ஜெயப்பிரகாஷ்தான். அந்த ஒரு மனுசன் அன்னிக்கு அந்தப் பக்கம் இல்லாட்டி? நல்ல யார்க்கர் போடுற பய இன்னிக்கும் ஏதாவது ஒரு ஊர்க் குளத்துல போட்டுக்கிட்டுத்தான் இருந்திருப்பான். ஜெயப்பிரகாஷ் மாதிரி ஆளு ஊருக்கு ஒருத்தர் பொறக்க மாட்டாங்க. நோட்டு மட்டும் ஊருக்கு ஒண்ணு வாங்கலாம்.

நோட்டைக் காட்டினா உடனே டீம்ல எடுத்துருவாங்கன்னு நான் சொல்லல. டென்னிஸ் பால் வேற, தோல் பந்து வேற. குளத்துல எடுத்த விக்கெட்டை எந்தத் தேர்வாளரும் அப்பிடியே ஏத்துக்க மாட்டார். ஆனா “இந்தப் பய மூணு வருசமா கடைசி ஓவர் போட்டு, ஓவருக்கு ஏழு ரன்னுக்கு மேல குடுத்ததில்ல”ன்னு தேதி போட்டு எழுதின பக்கத்தைக் காட்டினா, ஒரு கோச்சு வந்து பத்து பந்து போடச் சொல்லிப் பாப்பாரு. நமக்கு வேண்டியது அந்தப் பத்து பந்துதான். எங்க மாவட்டத்துல நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்துல டிஎன்பிஎல் நடக்குது. திண்டுக்கல் டிராகன்ஸ் 2024ல கோப்பையே ஜெயிச்சது. அந்த டீமுக்கு ஆட்களை ஏலத்துல எடுக்குறாங்க. எங்க காட்டுப் பயலுக்கும் அந்த ஏலத்துக்கும் நடுவுல எத்தனையோ படி இருக்கு. முதல் படியில ஏறவே ஒரு தாள் வேணுமில்ல?

இப்ப மனசுல ரொம்ப நாளா இருக்குறதைச் சொல்றேன். பரிசுப் பணம் ஏற ஏற, வெளியூர்லருந்து காசு குடுத்து ஆள் கூட்டிட்டு வர்ற பழக்கம் வந்துருச்சு. கெஸ்ட் பிளேயருங்கிறாங்க. டீமு பேரு நம்ம ஊரு. முதல் நாலு மட்டையும் முக்கியமான ஓவரும் வெளியூருக்கு. ஊர்ப் பய ஏழாவது எட்டாவதா பேரு குடுத்துட்டு, பேடு கட்டாமலே பவுண்டரியில நின்னு பந்து பொறுக்கிட்டு வீட்டுக்குப் போறான். கோப்பையோட போட்டோ எடுக்கும்போது மட்டும் அவனும் ஓரத்துல நிப்பான். நீங்க வாட்ஸப்ல அந்தப் போட்டோவைப் பாத்து “நம்ம பசங்க கலக்கிட்டாங்க”ன்னு போடுறீங்க. யாரு கலக்குனது?

இதைச் சண்டை போட்டு நிறுத்த முடியாது. எழுதித்தான் நிறுத்தணும். நோட்டுல நான் முதல்ல கேக்குற கட்டம் இதுதான்: ஊர்ப் பயலுக எத்தனை பேரு மட்டை பிடிச்சாங்க, மொத்தம் எத்தனை பந்து ஆடினாங்க, எத்தனை ஓவர் போட்டாங்க. 36 பந்துல ஊர்ப் பய ஆடினது அஞ்சு பந்துன்னு எழுதி, அதை வாசகசாலைச் சுவத்துல ஒட்டினா, அடுத்த வருசம் கேப்டன் ஆளைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பான். இன்னொரு கட்டமும் வேணும். பொம்பளப் பிள்ளைக எத்தனை பேரு ஆடினாங்க? சைபர்தான். அந்தச் சைபரை ஒவ்வொரு வருசமும் மையில எழுதினாத்தான் நமக்கு உறைக்கும்.

எதை எழுதுறோமோ அதுக்குத்தான் மதிப்பு வரும். அமெரிக்காவுல பேஸ்பால் ஆட்டத்துக்கு ஸ்கோர் அட்டை வகுத்துக் குடுத்தவங்கள்ல முக்கியமானவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்துல பொறந்து, சின்ன வயசுல அமெரிக்கா போயி, கிரிக்கெட் செய்தி எழுதிக்கிட்டு இருந்தவர். நம்ம கிரிக்கெட் அட்டையைப் பாத்துத்தான் 1859 வாக்குல அதுக்கு ஒரு அட்டை வகுத்தாரு. பேஸ்பால் அட்டையில ஒரு கட்டம் இருக்கும், ‘எரர்’னு. பிடிக்க வேண்டிய பந்தை விட்டா அங்க ஏறிரும். வேலை முடிஞ்சு சும்மா பொழுதுபோக்கா ஆடுற சாஃப்ட்பால் டீமு வரைக்கும் இந்தக் கணக்கு அங்க எழுதுறாங்க. கிரிக்கெட் அட்டையில கேட்ச் பிடிச்சவன் பேரு வரும், விட்டவன் பேரு வராது. முள்ளுக்குள்ள பாய்ஞ்சு நாலு ரன்னைத் தடுத்தவன் பேரும் வராது. எங்க அண்ணன் மகன் அந்த மாதிரிப் பய. கையெல்லாம் சிராய்ப்பு. அவன் தடுத்த ரன்னைக் கூட்டினா ரெண்டு மேட்ச்சு ஜெயிச்ச கணக்கு வரும். இதுவரைக்கும் அவனுக்கு ஒரு கேடயம் கெடைச்சதில்ல. நம்ம நோட்டுல ‘தடுத்தது’ ஒரு கட்டம், ‘விட்டது’ ஒரு கட்டம் போடுவோம்.

“அண்ணே, இதுக்கெல்லாம் ஆப் வந்துருச்சு”ன்னு எளந்தாரிக சொல்றாங்க. வாஸ்தவம்தான். கிரிக்ஹீரோஸ் மாதிரி ஆப்புல பந்துக்குப் பந்து ஏத்தலாம், ஸ்டிரைக் ரேட்டு தானா வரும். தாராளமா ஏத்துங்க. ஆனா ஊர்ப் பய எத்தனை பந்து ஆடினாங்கிற கட்டத்தை நாமதான் போட்டுக்கணும். போனு மாறும், பாஸ்வேர்டு மறக்கும். எங்க ஊரு மொய் நோட்டுகள்ல அம்பது வருசத்துக்கு முந்தி எழுதின அஞ்சு ரூவா கூட இன்னும் அழியாம இருக்கு. ஒரு ரூவா மொய்யை மறக்காத ஊருக்கு ஒரு ரன்னை எழுதி வைக்கத் தெரியாதா?

பெரியவங்க சில பேரு இன்னொண்ணு சொல்றாங்க: “கணக்கு எழுதினா பயலுக அவனவன் நம்பருக்கு ஆடுவான், டீமு கெட்டுப்போகும்.” இதுல கொஞ்சம் உண்மை இருக்கு. அம்பது அடிக்கணும்னு கட்டை போடுறவன் இருக்கத்தான் செய்வான். அதுக்குத்தான் ரன்னோட பந்தையும் எழுதச் சொல்றேன், தடுத்ததையும் எழுதச் சொல்றேன். அரைக் கணக்கு சுயநலத்தை வளக்கும். முழுக் கணக்கு எழுதினா ஒளிய எடம் இருக்காது.

அதனால பணம் அனுப்புற உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை பரிசுக்குக் கேட்டு போன் வரும்போது குடுங்க, ஆனா நிபந்தனை போட்டுக் குடுங்க. ஒண்ணு, பிளஸ் டூ முடிச்ச பையனோ பிள்ளையோ ஒருத்தரை ஸ்கோர் எழுத உக்கார வச்சு, நாளுக்கு ஒரு கூலி குடுக்கணும். ரெண்டு, போட்டி முடிஞ்ச ஒரு வாரத்துக்குள்ள எல்லாப் பயலுக கணக்கும் சுவத்துல ஏறணும், அதை போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பணும். மூணு, டீமுக்கு எட்டுப் பேராவது ஊர்ப் பயலுகளா இருக்கணும், அவங்க ஆடின பந்தும் போட்ட ஓவரும் தனியா எழுதணும். நாலு, முதல் பரிசுல கொஞ்சம் கொறச்சு, ரொம்ப ரன் தடுத்தவனுக்கு ஒரு பரிசு வைக்கணும்.

காசு குடுக்குறவன் கேட்டாக் கமிட்டிக்காரங்க கேப்பாங்க. நான் கேட்டா, “பெருசு, நீங்க ஆட்டைப் பாருங்க”ம்பாங்க. எங்க சந்தையில வியாழக்கிழமை ஒரு ஆட்டை விக்கணும்னா பல்லைப் பாக்குறாங்க, எடுப்பைப் பாக்குறாங்க, ஈத்து எத்தனைன்னு கேக்குறாங்க. நம்ம பயலுகளைப் பத்தியும் அந்த அளவுக்காவது யாராச்சும் கேக்கட்டும். கேக்கும்போது எடுத்துக் காட்ட நம்ம கையில ஒரு நோட்டு இருக்கட்டும்.