சிவப்பு பலூனும் என் கையில இருந்த ரிமோட்டும்

ஒரு தப்பு பண்ணிட்டேன். அதை ஒத்துக்கிட்டுத்தான் இந்தப் பதிவையே ஆரம்பிக்கணும்.

அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தா. ஆறு வயசு. நாள் பூரா கார்ட்டூனே ஓடிக்கிட்டு இருந்துச்சு. நாமதான் பெரிய உலக சினிமா ரசிகராச்சே (யாருப்பா அங்க சிரிக்கிறது?), உருப்படியா எதையாவது காட்டுவோமேன்னு அலமாரியில இருந்து 'தி ரெட் பலூன்' டிவிடியை எடுத்துப் போட்டேன். ஆல்பெர் லாமொரிஸ் 1956-ல எடுத்த பிரெஞ்சுப் படம். மொத்தமே 34 நிமிஷம்தான். வசனம் ரொம்பக் கம்மி, அதனால மொழி ஒரு பிரச்சினையே இல்லை.

இனிமே முழுக்கதையும் வரப்போகுது. படம் பாக்காதவங்க இங்கயே நிறுத்திட்டு, பாத்துட்டு வந்து படிங்க.

பாரீஸ்ல மெனில்மொன்தான், பெல்வில் பக்கம் ஒரு சின்னப் பையன். பள்ளிக்கூடம் போற வழியில விளக்குக் கம்பத்துல சிக்கின ஒரு சிவப்பு பலூனை ஏறி எடுக்கிறான். பலூன் அவன் கூடவே ஒட்டிக்குது. வீட்டுல ஜன்னலுக்கு வெளிய தள்ளி விட்டா அங்கயே காத்துக்கிட்டு நிக்குது. அவன் பஸ்ல ஏறினா பின்னாடியே பறந்து வருது. கிளாஸ்ரூமுக்குள்ள நுழைஞ்சு கலாட்டா பண்ணுது. அது வரைக்கும் எங்க வீட்டு வாண்டு விழுந்து விழுந்து சிரிச்சா.

அப்புறம் அந்தத் தெருப் பசங்க கூட்டமாத் துரத்தி, கவட்டையால பலூனை அடிக்கிறாங்க. குழந்தை முகம் மாறிடுச்சு. உதடு துடிக்க ஆரம்பிச்சுது. எனக்குப் பயம். அழுதா அக்கா என்னைத்தான் திட்டுவா. ரிமோட்டை எடுத்து ஃபாஸ்ட் ஃபார்வர்ட் பண்ணி, பாரீஸ்ல இருக்கிற பலூன் எல்லாம் பறந்து வர்ற இடத்துல நிறுத்தினேன். கலர் கலரா பலூன். எல்லாம் சேர்ந்து பையனைத் தூக்கிக்கிட்டுப் போகுது. சுபம்.

அவ என்னைப் பாத்து கேட்டா: "மாமா, இந்த பலூனெல்லாம் எதுக்கு வருது?"

என்கிட்ட பதில் இல்லை. பதில் நான் ஓட்டி விட்ட அந்தச் சில நிமிஷத்துலதானே இருந்துச்சு!

இந்தப் பதிவோட விஷயமே இதுதான். குழந்தைங்களுக்கு ஒரு நல்ல படத்தை வீட்டுல போட்டுக் காட்டுறோம்னா, சோகமான இடத்தை நாம வெட்டக் கூடாது. அது அன்புன்னு நாம நினைச்சுக்கிறோம். உண்மையில நம்ம சங்கடத்துக்காகத்தான் வெட்டுறோம். குழந்தை அழறதைப் பாக்க நமக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

இந்தப் படம் டிவிடிக்கு முன்னாடி எப்படிப் பரவுச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள்ல 16 மி.மீ. ப்ரொஜெக்டர்ல போட்டுக் காட்டினாங்க. ஒரு தலைமுறையே அப்படித்தான் இதைப் பாத்துச்சு. இருட்டு ரூம்ல மொத்த கிளாஸும் ஒண்ணா உக்காந்து பாக்கும். பக்கத்துல இருக்கிறவன் மூக்கை உறிஞ்சற சத்தம் கேக்கும். எந்த மாமாவும் ரிமோட்டோட குறுக்க வர முடியாது. அப்புறம் 2008-ல ஜேனஸ் ஃபிலிம்ஸ், க்ரைடீரியனோட சேர்ந்து டிவிடி கொண்டு வந்தாங்க. 2023-ல க்ரைடீரியன், லாமொரிஸோட அஞ்சு படத்தை ஒண்ணாச் சேர்த்து ப்ளூரே பெட்டியாவே போட்டுட்டாங்க. நல்ல விஷயம்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா படம் வீட்டுக்கு வந்தப்ப, கூடவே நிறுத்தற பட்டனும் ஓட்டற பட்டனும் வந்துடுச்சு. அது யார் கையில இருக்கு? குழந்தை கையில இல்லை. நம்ம கையில.

சரி, அந்த பலூன் சாகிற காட்சியை மறுபடி ஒரு தடவை உக்காந்து பாருங்க. டப்புன்னு வெடிக்க வச்சிருந்தா லாமொரிஸுக்கு வேலை ஈஸி. அவர் அப்படிச் செய்யலை. பலூன்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமாக் காத்து இறங்குது. தோல் சுருங்குது. தரையை நோக்கி மெதுவா வருது. கடைசியில ஒரு பையன் மேல காலை வச்சு மிதிக்கிறான். கேமரா முகத்தைத் திருப்பிக்கவே இல்லை. வெடிச்சா அது பொம்மை. வாடினாத்தான் அது உசுரு. அது வரைக்கும் நடந்த விளையாட்டுக்கெல்லாம் அந்த இடத்துலதான் கனம் ஏறுது. அதை எடுத்துட்டா கடைசிக் காட்சி வெறும் வாழ்த்து அட்டைப் படம். நான் என் மருமகளுக்குக் காட்டினது அந்த அட்டையைத்தான்.

பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் இந்தப் படத்தைப் பத்தி எழுதியிருக்கார். பலூன் பின்னாடியே வர்றது தந்திரம்தான், ஆனா அது வெட்டி ஒட்டின எடிட்டிங் தந்திரம் இல்லை; பையனும் பலூனும் ஒரே ஃபிரேமுக்குள்ள சேர்ந்து இருக்கிறதாலதான் நாம நம்புறோம்ங்கிறது அவர் வாதம். எனக்கு அது அப்ப சரியாப் புரியலை. ரிமோட்டால ஒரு துண்டை உருவி எடுத்தப்பதான் உறைச்சுது. எடிட்டரே வெட்டாம விட்ட படத்தை, சோபாவுல உக்காந்துக்கிட்டு நான் வெட்டியிருக்கேன். திரைக்கதைக்காக ஆஸ்கர் வாங்கின படம் சாமி இது! ஒரிஜினல் திரைக்கதைக்கான ஆஸ்கரை வாங்கின ஒரே குறும்படம். அதுக்கு நான் திருத்தம் போடுறேன். என்ன திமிர்!

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். எல்லாப் படத்தையும் எல்லா வயசுக்கும் காட்டணும்னு நான் சொல்லலை. இதே லாமொரிஸ் 1953-ல எடுத்த 'வைட் மேன்' படத்தை எடுத்துக்குங்க. பிரெஞ்சுல 'க்ரான் ப்ளாங்'. காமார்க் சதுப்பு நிலத்துல ஒரு வெள்ளைக் காட்டுக் குதிரை, ஒரு மீனவப் பையன், ரெண்டு பேரையும் துரத்துற ஆளுங்க. கடைசியில பையனும் குதிரையும் தண்ணிக்குள்ள நீந்திப் போயிடறாங்க. குதிரையும் மனுஷனும் எப்பவும் நண்பர்களா இருக்கக்கூடிய இடத்துக்குப் போறாங்கன்னு பின்னணிக் குரல் சொல்லுது. ஆனா அலை சொல்றது வேற. எனக்கே ரெண்டு நாள் மனசு சரியில்லை. அதை ஆறு வயசுக்குக் காட்ட மாட்டேன். கொஞ்சம் வளரட்டும். காட்டுறதா வேண்டாமாங்கிறது பெரியவங்க முடிவு, ஒத்துக்கிறேன். ஆனா காட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டா முழுசாக் காட்டணும். பாதி காட்டுறது மட்டும் கூடாது. முடிவைப் படம் போடறதுக்கு முன்னாடி எடுக்கணும், நடுவுல இல்லை.

இன்னொரு விஷயம். பலூன் கூட நடக்கிற அந்தப் பையன் பாஸ்கல், லாமொரிஸோட சொந்த மகன். நீல பலூன் வச்சிருக்கிற சின்னப் பொண்ணு மகள் சபீன். 1970-ல ஈரான்ல படம் எடுத்துக்கிட்டு இருந்தப்ப ஹெலிகாப்டர் விழுந்து லாமொரிஸ் இறந்துட்டார். பாதியில நின்ன அந்தப் படத்தை மனைவியும் மகனும் சேர்ந்து 1978-ல முடிச்சாங்க. அழுகையை ஒளிச்சு வச்சு யாரையும் காப்பாத்திட முடியாதுன்னு இதைப் படிச்சப்ப தோணுச்சு. பக்கத்துல உக்காந்திருக்கலாம். அவ்வளவுதான் நம்மால முடியும்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி போட்டேன். ரிமோட்டை டிவி பக்கத்துலயே வச்சுட்டு வந்து உக்காந்தேன். கவட்டை வந்துச்சு. பலூன் சுருங்குச்சு. அழுதா. நல்லாவே அழுதா. என் சட்டையில மூக்கைத் துடைச்சா. நான் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் ஒவ்வொரு தெருவுல இருந்தும் பலூன் கிளம்பி வர ஆரம்பிச்சதும் சோபா மேல ஏறி நின்னுட்டா.

"மாமா, அந்தச் சிவப்பு பலூன் செத்துப்போச்சுல்ல?"

"ஆமாடா."

"அதுக்குத்தான் இவங்க எல்லாம் வர்றாங்களா?"

நேத்து என்கிட்ட கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லிட்டா.

பி.கு: அக்கா திட்டினாங்க. "குழந்தையை ஏன்டா அழ வச்ச?"ன்னு கேட்டாங்க. அவங்களையும் உக்கார வச்சுப் படத்தைப் போட்டேன். இப்ப பேச்சையே காணோம்.

உங்க வீட்டுல எப்படி? எந்தப் படத்துல, எந்த இடத்துல ரிமோட்டை எடுத்தீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. நான் ஒருத்தன் மட்டும்தான் குற்றவாளியான்னு தெரிஞ்சுக்கணும்.