வழியில் நிற்காமல் என்ன பயணம்?

விடுமுறை நெருங்கினால் தில்லித் தமிழர் வீடுகளில் ஊருக்குப் போகும் பேச்சு தொடங்கிவிடும். முன்பெல்லாம் ரயில் டிக்கெட் கிடைத்ததா, காத்திருப்புப் பட்டியலா என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். இப்போது சொந்தக் காரிலேயே மதுரைக்கும் நெல்லைக்கும் போய்வரும் குடும்பங்கள் நம்மிடையே பெருகியிருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் திரும்பி வந்தபின் அவர்கள் சொல்லும் கதையைக் கேட்டால் அந்த மகிழ்ச்சி பாதியாகிவிடுகிறது. "இரண்டு பகல், இரண்டு இரவு. மாற்றி மாற்றி ஓட்டினோம். பெட்ரோல் போடத் தவிர எங்கும் நிற்கவில்லை" என்று பெருமையோடு சொல்கிறார்கள். குழந்தைகளிடம் வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "தூங்கிட்டோம் அங்கிள்" என்று பதில் வருகிறது.

இப்படிப் போவதற்குக் கார் எதற்கு? தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 33 மணி நேரத்தில் சென்னையில் கொண்டுபோய் விட்டுவிடும். படுத்துத் தூங்கவும் இடம் உண்டு. விமானத்தில் போனால் மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்தது. சாலைக்கு என்று இருக்கும் ஒரே சிறப்பு, நினைத்த இடத்தில் நிற்கலாம் என்பதுதான். அதையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது களைப்பும் ஆபத்தும். ஆகவே பயணத்துக்குத் திட்டம் போடும்போது 'எப்போது போய்ச் சேருவோம்' என்று தொடங்காமல், 'எங்கெங்கே நிற்போம்' என்று தொடங்குங்கள். நாள் கணக்கு அதன்பின் வரட்டும் என்பதே என் கட்சி.

ஆபத்து என்று சொன்னது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தேசிய நெடுஞ்சாலைகளில் நேர்ந்தவை. விடிய விடிய ஓட்டியவர் தருமபுரியைத் தாண்டித் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே கண் சொக்கினால் என்ன ஆகும்? 'நிற்காமல் வந்தோம்' என்பது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயமே அல்ல.

சரி, எங்கே நிற்பது? தில்லியிலிருந்து மதுரை ஏறக்குறைய 2,600 கி.மீ. 2010-இல் நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றியபோது, அதுவரை பல எண்களில் துண்டு துண்டாக இருந்த இந்த வழி முழுவதும் 44 என்ற ஒரே எண்ணுக்குள் வந்தது. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர், சேலம் என்று நீளும் சாலை. தாஜ்மகாலையும் சார்மினாரையும் நான் சொல்ல வேண்டியதில்லை. யாரும் சொல்லாத, அரை மணியில் பார்த்து முடிக்கக்கூடிய சின்னச் சின்ன இடங்களைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆக்ராவுக்குப் புது விரைவுச்சாலையை விட்டுவிட்டுப் பழைய சாலையில் போனால், அங்கங்கே 30 அடி உயரத்தில் செங்கல் தூண்கள் நிற்பதைக் காணலாம். இவை கோஸ் மினார்கள், அதாவது முகலாயர் காலத்து மைல்கல்கள். ஒரு கோஸ் என்பது ஏறக்குறைய 3 கி.மீ. அடுத்த தூணை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று பிள்ளைகளிடம் ஒரு பந்தயம் வைத்தால் போதும், கைபேசி தானாகவே கீழே போய்விடும்.

குவாலியர்க் கோட்டைக்கு ஏறும் பாதையில் சதுர்புஜர் கோயில் என்று ஒரு சிறு குடைவரை இருக்கிறது. கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றில் 270 என்ற எண்ணை இன்று நாம் எழுதுவதுபோலவே சுழியத்தோடு வெட்டியிருக்கிறார்கள். கோயிலுக்குக் கொடுத்த பூந்தோட்டத்தின் நீளம் அது. கணக்கென்றால் ஓடும் பிள்ளையை அந்தச் சுழியத்தின் முன்னால் ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். ஜான்சிக்குப் பக்கத்தில் ஓர்ச்சா. அங்கே இராமபிரான் தெய்வமாக மட்டுமன்றி அரசராகவும் வணங்கப்படுகிறார். ஆகையால் போலீஸ்காரர்கள் துப்பாக்கி ஏந்தி மரியாதை செலுத்துகிறார்கள்.

சிவனியைத் தாண்டினால் பேஞ்ச் காடு. கிப்ளிங்கின் மௌக்லி கதைகள் நடப்பது இந்தச் சிவனி மலைப்பகுதியில்தான். இங்கே சாலையை மேலே உயர்த்திக் கட்டி, அடியில் விலங்குகள் கடந்துபோக வழி விட்டிருக்கிறார்கள். புலிகள் அந்த வழியே நடந்துபோவது தானியங்கி கேமராக்களில் பதிவாகியிருக்கிறது. இங்கே இறங்கி நிற்கக் கூடாது. 'நமக்குக் கீழே புலி போகலாம்' என்று சொன்னாலே பின் இருக்கையில் தூக்கம் கலைந்துவிடும்.

நாகபுரிக்குத் தெற்கே ஹிங்கன்காட். 1802-இல் சென்னைப் பரங்கிமலையிலிருந்து ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்தியாவையே அளக்கப் புறப்பட்ட வில்லியம் லாம்டன் 1823-இல் இறந்தது இந்த ஊரில்தான். அவர் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. விசாரித்துத்தான் போக வேண்டும். குமரியிலிருந்து வடக்கே அவர் இழுத்துக்கொண்டு வந்த அளவைக் கோடு, நாம் இன்று போகும் சாலையை ஒட்டினாற்போலவே வருகிறது. நாம் ஆறு நாளில் கடக்கும் தூரத்தில் ஒரு மனிதரின் இருபது ஆண்டு உழைப்பு கிடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

தெலங்கானாவில் நிர்மல் மரப்பொம்மைகள் வாங்கலாம். ஜட்சர்லாவில் பிரிந்து மகபூப்நகர் பக்கம் போனால் பில்லலமர்ரி என்னும் பெரிய ஆலமரம். 2018-இல் கரையான் அரித்து நலிந்தபோது, மருத்துவமனையில் நோயாளிக்கு ஏற்றுவதுபோல அதற்குப் பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றிக் காப்பாற்றினார்கள். ஆந்திரத்தில் கூத்தி. சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் அமர்ந்திருக்கிறாரே மன்றோ, அவர் 1827-இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தபோது முதலில் அடக்கம் செய்யப்பட்டது கூத்தியில். பின்னரே சென்னைக் கோட்டைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள். இளம் அதிகாரியாக அவர் வேலை கற்ற பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதி, இதே சாலையில் அடுத்து வருகிறது.

இனித் திட்டம். ஜான்சி, சிவனி, நிர்மல், கர்நூல், பெங்களூர் என்று ஐந்து இரவுத் தங்கல். ஆறாம் நாள் மாலை மதுரை. ஒரு நாளுக்கு 350 முதல் 475 கி.மீ.க்குள்தான் வரும். விடியலில் புறப்பட்டு இருட்டுமுன் அறைக்குப் போய்விட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், பாட்டியும் உட்பட. தாம் தேர்ந்தெடுத்த இடம் வரும்வரை யாரும் 'இன்னும் எவ்வளவு தூரம்' என்று கேட்க மாட்டார்கள்.

"ஆறு நாள் போக, ஆறு நாள் வர, அவ்வளவு லீவுக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்படியானால் ஒரு வழி காரில் போய், குடும்பத்தை ரயிலில் திருப்பி அனுப்பலாம். அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இப்படிப் போய், மற்ற ஆண்டுகளில் ரயிலே ஏறலாம். மே மாத வெயிலில் விதர்ப்பா கொதிக்கும், டிசம்பர், ஜனவரியில் வடக்கே மூடுபனி கண்ணை மறைக்கும். தசராவுக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட நாட்களே உகந்தவை. பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை எங்கே கிடைக்கும் என்பதையும் நிற்கும் இடங்களோடு சேர்த்தே எழுதிக்கொள்ள வேண்டும். இதை மறந்து போடும் திட்டம் பாதித் திட்டம்தான்.

இவ்வளவு சிரமம் எதற்கு? இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குத் தில்லி ஒரு முனை, தாத்தா வீடு மறு முனை. நடுவில் இருப்பது அவர்களுக்கு வெறும் இருட்டு. இரண்டுக்கும் இடையே நர்மதையும் கோதாவரியும் கிருஷ்ணையும் ஓடுகின்றன. பேச்சும் சோறும் நூறு மைலுக்கு ஒருமுறை மாறுகின்றன. தாத்தா ஊரும் தாம் பிறந்த ஊரும் ஒரே சாலையில் இருக்கின்றன. இதைப் பாடப்புத்தகம் சொன்னால் பரீட்சையோடு மறந்துவிடும். காரை நிறுத்திக் காட்டினால் மறக்காது.

அடுத்த முறை புறப்படும் அன்பர்கள், போய்ச் சேர்ந்த நேரத்தை விட்டுவிட்டு, நின்று பார்த்த இடங்களை நம் இதழுக்கு எழுதி அனுப்புங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அது வழிகாட்டும்.