கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வானா?



சென்ற வாரம் கடற்கரைச் சாலையில் நடை முடித்துக் காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். வீட்டு இன்டர்நெட்டுக்கு நானே ஒரு ரூட்டர் தயார் செய்து வைத்திருக்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். ஒரே சிரிப்பு. "எழுபத்தாறு வயசுல உமக்கு எதுக்கய்யா இந்த வேலை? கம்பெனிக்காரன் பாத்துக்குவான்" என்றார் எங்கள் கூட்டத்தில் மூத்தவர். அப்போது நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தப் பதிவு.

போன வருடம் ஒருநாள் நெட் மிகவும் மந்தமாக இருந்தது. சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். "லைன்ல இருங்க ஐயா. உங்க வீட்ல இப்போ ஏழு டிவைஸ் கனெக்ட் ஆகியிருக்கு" என்று சொல்லி, ஒவ்வொன்றின் பெயரையும் வாசித்தாள். என் மனைவியின் கைபேசி அவள் பெயரோடு வந்தது. டிவி வந்தது. அக்காவின் அறையில் உள்ள கேமராவும் வந்தது. "இங்கிருந்தே ரீஸ்டார்ட் பண்ணிடறேங்கய்யா" என்றாள். என் கூடத்தில் இருந்த டப்பாவின் விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தன.

அந்தப் பெண் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மரியாதையாகப் பேசினாள், நெட்டும் சரியாயிற்று. ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு மனசு சரியில்லை. முகம் தெரியாத ஒருவர் என் வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்கிறார். அதற்கு என் அனுமதி தேவைப்படவில்லை. இதற்கென்றே டிஆர்-069 என்ற ஏற்பாடு 2004 முதல் இருக்கிறது என்பதைப் பின்னால்தான் படித்தேன்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டிய சீட்டில் பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். பொருத்த வந்த பையனிடம் கேட்டேன். "அத மாத்திடாதீங்க சார், அப்புறம் எங்களுக்குக் கஷ்டம்" என்றான். வாசல் சாவி அவர்களிடம். அதே சாவி ஊரில் எல்லார் வீட்டுக்கும் பொருந்தும். இதைத்தான் நாம் 'கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான்' என்கிறோம்.

2016இல் 'மிராய்' என்ற கிருமி நிரல் உலகத்தைச் சுற்றியது. அதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. தொழிற்சாலையில் வைத்த பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சம் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக் கேமராக்களையும் ரூட்டர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் சேர்த்துப் படை திரட்டியது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று 'டைன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் அந்தப் படை பாய்ந்தது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பலருக்கும் பல மணி நேரம் எட்டாமல் போயின. படையில் நின்ற கருவிகளின் சொந்தக்காரர்கள் நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள்தான். அவர்களும் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தவர்கள்தான்.

ஃபயர்வால் என்ற பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நான் பல வருடம் தபால் பிரிவில் குப்பை கொட்டியவன். நம் கடிதத்துக்குப் பதிலாக வருவதில் 'பார்வை' என்று போட்டு நம் கடித எண்ணைக் குறித்திருப்பார்கள். பதிவேட்டைப் புரட்டினால் நாம் அனுப்பியது இருக்கும், உரிய மேசைக்குப் போய்விடும். ஃபயர்வாலும் இதையேதான் செய்கிறது. உள்ளேயிருந்து போன கேள்விக்கு வரும் பதிலை விடும். யாரும் கேட்காமல் வந்து கதவைத் தட்டுவதைத் திருப்பி அனுப்பிவிடும். இவ்வளவுதான் விஷயம்.

நான் போட்டது ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருள். லிங்க்சிஸ் நிறுவனத்தின் ஒரு ரூட்டருக்குள் லினக்ஸ் இருந்ததால், உரிமத்தின்படி 2003இல் அதன் மூல நிரலை வெளியிட வேண்டி வந்தது. அதை அடியாக வைத்து 2004இல் தன்னார்வலர்கள் தொடங்கிய வேலை இது. முதலில் என் பழைய மேசைக் கணினியில் இரண்டாவது லேன் கார்டு ஒன்று செருகி ஓட்டினேன். அது 60 வாட் தின்றது. இரவு பகலாக ஓடினால் மாதம் 43 யூனிட். மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு இரண்டு லேன் துளைகள் கொண்ட சின்னக் கணினி ஒன்றைப் பழைய விலையில் வாங்கினேன். 10 வாட்தான், மாதம் ஏழு யூனிட்டுக்குச் சற்று மேலே அடங்கிவிட்டது. கம்பெனி டப்பாவின் வைஃபையை அணைத்துவிட்டு, பரணில் கிடந்த பழைய ரூட்டரை வைஃபைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

தப்பும் செய்தேன். கம்பெனி டப்பாவின் முகவரி 192.168.1.1. என்னுடையதற்கும் அதே முகவரி. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? இரண்டு நாள் வீட்டில் நெட் இல்லை. என்னுடையதை 192.168.10.1 என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

சரியான பிறகு பார்த்தால், அக்காவின் அறைக் கேமரா யாரும் பார்க்காத நேரத்திலும் வெளியே எங்கோ பேசிக்கொண்டே இருக்கிறது! அக்காவுக்கு 84 வயது, படுத்த படுக்கை. உடம்பு துடைப்பதும் துணி மாற்றுவதும் அந்த அறையில்தான். பிரான்ஸில் இருக்கும் என் மகள் அத்தையைப் பார்க்கவேண்டும் என்று வாங்கி அனுப்பிய கேமரா அது. களவு என்று சொல்லமாட்டேன். அந்த வகைக் கேமராக்களின் அமைப்பே அப்படி. ஆனால் அக்காவை யாராவது கேட்டார்களா? அந்தக் கேமரா வீட்டை விட்டு வெளியே பேசக் கூடாது என்று ஒரே ஒரு விதி எழுதினேன். இப்போது என் மனைவி அடுக்களையிலிருந்து பார்க்கிறாள். மகளுக்குக் கோபம்தான். "வீடியோ கால் போடும்மா, அத்தை முகம் கழுவினப்புறம் பேசுவாங்க" என்றேன். இப்போது அப்படித்தான் பேசுகிறார்கள்.

பள்ளியில் நான் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் 'லிப்ர்' வேறு, 'கிராத்துயி' வேறு. முதலாவது சுதந்திரம், இரண்டாவது காசில்லாமல் கிடைப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் நம் ஆட்கள் குழம்பி, "இலவசமா? அப்ப மட்டமாத்தான் இருக்கும்" என்கிறார்கள். கம்பெனி தரும் டப்பாதான் இலவசம். நான் வைத்திருப்பது கட்டற்றது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம்.

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. "நீர் போய்ச் சேர்ந்தால் உம்ம சம்சாரம் என்ன செய்வாங்க?" அதற்கும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் பெட்டியை எடுத்துவிட்டு, கம்பெனி டப்பாவின் வைஃபையைப் போட்டால் எல்லாம் பழையபடி. அவளை ஒருமுறை செய்து பார்க்கவும் சொன்னேன், செய்துவிட்டாள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போனில் கேட்பவனிடம் நாமே ஓடிபியைச் சொன்னால் எந்த ஃபயர்வாலும் காப்பாற்றாது.

ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல், வீட்டில் எந்த ரூட்டர் வைப்பது என்பது வாடிக்கையாளரின் உரிமை என்று சட்டமே உண்டு. இங்கே நாம் கேட்கக்கூட இல்லை. எல்லாரும் என்னைப் போல் பெட்டி கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. இன்று சாயங்காலம் உங்கள் டப்பாவைத் திருப்பி அந்தச் சீட்டைப் படியுங்கள். அட்மின், அட்மின் என்று இருந்தால் மாற்றுங்கள். மாற்றக் கூடாது என்று சொன்னால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். நாற்பது வருடம் கோப்பு பார்த்தவர்கள் நாம், ஒரு கடிதம் எழுதத் தெரியாதா?