தாமதம் பிடிவாதமன்று

அவலூர்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடல் நம் முன்னே இருக்கிறது.

"என் மாமனாருக்கு எழுபத்திரண்டு வயது. மூன்றாண்டுகளாக வலக்கை நடுங்குகிறது. பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். சட்டைப் பொத்தான் போட அரைமணி நேரம் ஆகிறது. அறைவாசலுக்கு வந்ததும் சிலைபோல் நின்றுவிடுகிறார். காலையில் தாமே தோட்டத்துக்குப் போகிறவர், பிற்பகலில் நாற்காலியை விட்டு எழுவதில்லை. வேண்டுமென்றே செய்கிறார் என்று என் கணவர் சினங்கொள்கிறார். நன்மை வாங்கும்போது கை நடுங்குவதைப் பிறர் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டு, இப்போது கோவிலுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். நாங்கள் என்ன செய்வது?"

சகோதரியே, முதலில் உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: பெரியவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் உள்ளன. நாம் நினைத்ததைக் கைகால்கள் தடையின்றிச் செய்வதற்கு அப்பொருள் வேண்டும். அவ்வுயிரணுக்கள் மெல்ல மெல்ல அழிவதே இந்நோய். 1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதனை விவரித்து எழுதினார். நம் நாட்டு வைத்திய நூல்கள் இதனையொத்த நோயைக் கம்பவாதம் என்றன. நடுக்கமே கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அன்றாட வாழ்வைப் பெரிதும் தடுப்பவை அசைவின் மந்தமும் தசை இறுக்கமுமே. முகத்தசைகளும் இறுகுவதால் புன்னகை மறைகிறது, குரல் தாழ்கிறது, கையெழுத்துச் சிறுத்துப் போகிறது. தாத்தாவுக்கு நம்மேல் கோபமோ என்று பேரப்பிள்ளைகள் ஒதுங்குவதுண்டு. அவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

காலையில் நடப்பவர் பிற்பகலில் முடங்குவது ஏன்? இந்நோய்க்குப் பெரும்பாலும் தரப்படும் லெவோடோபா என்னும் மருந்து மூளையில் டோபமினாக மாறுகிறது. அதன் பயன் சில மணி நேரமே நிற்கும். ஆண்டுகள் செல்லச்செல்ல அந்நேரமும் குறுகும். ஆகவே மருத்துவர் குறித்த வேளையில் ஒரு மாத்திரையும் தவறலாகாது. குளியல், சவரம், உடை மாற்றுதல், உலாவுதல் ஆகியவற்றை மருந்து நன்கு வேலை செய்யும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவையும் கவனிக்க வேண்டும். புரதம் மிகுந்த உணவு, மருந்து உடலில் சேர்வதைத் தடுக்கும். உங்கள் பக்கத்தில் மல்லாட்டைக்குக் குறைவில்லை. மல்லாட்டைத் துவையலோடும் பருப்போடும் முட்டையோடும் மாத்திரையை விழுங்கினால் அது சரியாக வேலை செய்யாமற் போகலாம். சாப்பாட்டுக்கு அரைமணி முன்போ, ஒருமணி பின்போ தண்ணீருடன் கொடுப்பது நல்லது. குமட்டினால் சிறிது அரிசிக் கஞ்சி தரலாம். அதற்காகப் புரதத்தை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், உடல் மெலிந்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையையும் இதனோடு சேர்த்துத் தரலாகாது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் மாத்திரை தந்த நேரம், உண்ட நேரம், நன்கு நடந்த நேரம், முடங்கிய நேரம் இவற்றைப் பதினைந்து நாள் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் நரம்பியல் மருத்துவர்கள் உள்ளனர். மருந்தை ஒருபோதும் திடீரென நிறுத்தலாகாது, அது ஆபத்து. வேறு நோய்க்காக மருத்துவமனை செல்ல நேர்ந்தாலும் இந்நோயைத் தெரிவியுங்கள். வாந்திக்குத் தரும் மருந்துகள் சில இதனை மிகுவிக்கும். இல்லாத உருவங்கள் தெரிவதாகப் பெரியவர் சொன்னால் மறைக்காமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்வது இந்நோயின் இயல்பு. அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். சற்று நிற்கட்டும். உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி, "ஒன்று, இரண்டு" என்று எண்ணிப் பெரிய எட்டாக எடுத்து வைக்கட்டும். தரையில் சுண்ணாம்பால் குறுக்குக் கோடுகள் வரைந்து, அவற்றைத் தாண்டுவதாக எண்ணச் சொன்னால் பலருக்குக் கால் எழுகிறது. பாட்டின் தாளமும் உதவும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல், வளைந்து நடந்து திரும்ப வேண்டும். நடக்கையில் பேச்சுக் கொடுக்காதீர்கள். கையில் செம்பும் கொடுக்காதீர்கள்.

வீட்டில் வழுக்கும் மிதியடிகளை அகற்றி, குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். இரவில் சிறு விளக்கு எரியட்டும். படுக்கையிலிருந்து எழுமுன் கட்டிலின் ஓரத்தில் சிறிது நேரம் உட்காரட்டும். இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். பொத்தானுக்குப் பதில் ஒட்டுநாடா தைக்கலாம். தம்ளரில் பாதியளவே ஊற்றுங்கள். உண்ணும்போது நிமிர்ந்து உட்கார்ந்து சிறு கவளமாக விழுங்க வேண்டும். அடிக்கடி புரையேறினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மலச்சிக்கலுக்குக் கீரை, பழம், போதிய தண்ணீர். மாலைச் செபமாலையை அவரே உரத்த குரலில் முன்னின்று சொல்லட்டும். தாழ்ந்துபோன குரலுக்கு அது நல்ல பயிற்சி.

பூனைக்காலி விதைப்பொடி இந்நோயைத் தீர்க்கும் என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். அந்த விதையில் லெவோடோபா இருப்பது மெய்யே. 1937-இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் ஆய்வாளர்கள் அதனைப் பிரித்தெடுத்தனர். அது இந்நோய்க்கு மருந்தாகப் பயன்பட்டது 1960-களில்தான். ஆனால் பொடிக்குப் பொடி அதன் அளவு வேறுபடும். மாத்திரையோடு அதையும் உண்டால் மருந்து மிகுதியாகித் துன்பம் தரும். மருத்துவரைக் கேளாமல் கொடுக்க வேண்டா.

இனி, கோவிலைப்பற்றி. 1986-இல் சென்னைக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரைக் கண்டவர்கள் உங்கள் பங்கிலும் இருக்கலாம். அவர் தம் இறுதி ஆண்டுகளை இதே நோயோடு கழித்தார். நடுங்கும் கையை அவர் மக்களிடமிருந்து மறைக்கவில்லை. 2005 மார்ச் 27, உயிர்ப்புப் பெருவிழாவன்று சாளரத்தருகே வந்தவருக்குப் பேச நா எழவில்லை. கையால் மட்டும் ஆசீர் அளித்தார். ஏப்ரல் 2-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். பெரியவருக்கு இதைச் சொல்லுங்கள்.

பங்குத்தந்தையிடமும் பேசுங்கள். ஓரத்து இருக்கையில் பெரியவர் அமர்ந்திருக்க, அவரே வந்து நாவில் நன்மை வழங்குவார். கையை நீட்ட வேண்டியதில்லை. முழந்தாளிட இயலாதவர் அமர்ந்தே செபிக்கலாம். திருப்பலி நேரத்துக்கு ஏற்ப மாத்திரையை அமைக்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். மருந்தும் தண்ணீரும் நற்கருணை நோன்பை முறிப்பதில்லை. முதியோரும் நோயாளரும் அவர்களைப் பராமரிப்போரும் அந்த ஒருமணி நேரத்துக்குள் ஏதேனும் உண்டிருந்தாலும் நன்மை வாங்கலாம் என்று திருச்சபைச் சட்டமே கூறுகிறது.

பராமரிப்போர் என்றதில் நீங்களும் அடக்கம், சகோதரி. இரவும் பகலும் நீங்கள் ஒருவரே சுமந்தால் உங்கள் உடலும் தளர்ந்துவிடும். வாரத்தில் ஒரு பிற்பகலேனும் உங்கள் கணவர் தந்தையோடு இருக்கட்டும், மாத்திரை கொடுக்கட்டும், பொத்தான் போட ஆகும் அந்த அரைமணி நேரமும் அருகே அமர்ந்திருக்கட்டும். வரும் ஞாயிறன்று வழக்கத்தைவிட ஒருமணி நேரம் முன்னதாகப் புறப்பட ஆயத்தமாகுங்கள். வாசற்படியில் பெரியவர் நின்றால், மகன் அருகில் நின்று "ஒன்று, இரண்டு" என்று எண்ணட்டும்.