பனாட்டுப் பாயும் உலர்த்தும் பெட்டியும்

ஆவணி பிறந்ததும் எமது பனங்காணிகளில் பழம் விழும் சத்தம் கேட்கத் தொடங்கும். விடியுமுன் கடகத்துடன் ஓடிப் பழம் பொறுக்கியவர்கள் எம்மில் எத்தனையோ பேர். இன்றோ பல வளவுகளில் விழுந்த பழம் விழுந்த இடத்திலேயே கிடந்து அழுகுகின்றது. அதே வளவின் ஓரத்துக் கொட்டிலில் இருக்கும் பிள்ளை, கடையில் தொங்கும் சாயமிட்ட இனிப்புக்காக அழுகின்றது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களில் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்கள் உண்டு. காணி இல்லாத கமக்காரன் எதைச் செய்து பிழைப்பது? இக்கேள்விக்கு விடையாக, பழங்களை உலர்த்தி இனிப்புச் செய்யுங்கள், அதற்கு மின் உலர்த்தி தருகிறோம் என்று சில உதவி நிறுவனங்கள் முன்வருகின்றன. நோக்கம் நல்லது. ஆனால் தொடங்கும் இடம் பிழை என்பது எமது கருத்து.

ஒரு மாதர் குழுவுக்குக் கிடைத்த அத்தகைய யந்திரத்தை நான் பார்த்தேன். மூன்றாம் மாதமே அது சீலையால் மூடப்பட்டு ஒரு மூலையில் இருந்தது. காரணம் சோம்பல் அல்ல. 500 வாட்ஸ் யந்திரம் முழு வலுவில் 10 மணித்தியாலம் ஓடினால் 5 யூனிட் மின்சாரம் செலவாகும். ஒரு கிலோ உலர்ந்த மாம்பழத் தகடு எடுக்கச் சுமார் 5 கிலோ பழக்களி வேண்டும். சிறிய யந்திரத்தின் தட்டுகளில் அவ்வளவையும் ஒரே தடவையில் பரப்பவும் முடியாது. மின்கட்டணச் சிட்டை வந்தபோது அந்தப் பெண்களுக்குக் கணக்கு விளங்கிவிட்டது.

பழம் உலர்த்துவது எமக்குப் புதிய வித்தையா? எமது பாட்டிமார் பனம்பழத்தின் தோலை உரித்து, சிறிது நீர்விட்டுப் பிசைந்து, களியை வடித்து, பந்தலில் விரித்த ஓலைப்பாயில் ஊற்றினார்கள். அது காய்ந்ததும் அதன்மேல் அடுத்த நாட்களில் மறுபடியும் ஊற்றினார்கள். இப்படி இரண்டு மூன்று கிழமையில் கிடைத்ததே பனாட்டு. அதை வெட்டிப் பனம்பாணியில் ஊறவைத்தால் பாணிப்பனாட்டு. சீனி இல்லாத காலத்திலும் பிள்ளைகளுக்கு இனிப்பு இருந்தது. வீட்டை விட்டு ஓடியபோது பாயும் பந்தலும் எம்முடன் வரவில்லை. ஆனால் கைப்பழக்கம் வந்தது. அதுதான் எமது முதல்.

அதற்காகப் பழைய முறையில் குறையே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. திறந்த பாயில் இலையானும் புழுதியும் விழும். மண் நெருடும் பனாட்டை வெளியூர்க்காரர் ஒருமுறை வாங்குவார், மறுமுறை வாங்கார். எல்லா மரத்துப் பழமும் ஒன்றல்ல. சிலவற்றின் களி கசக்கும். கசப்பற்ற மரத்தை முன்கூட்டியே அறிந்து வைப்பது கெட்டித்தனம்.

புழுதிக்கு மருந்து ஒரு சாதாரண மரப்பெட்டி. மேசை உயரக் காலில், ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி அதை அமைக்க வேண்டும். அடிப்பலகைக்குக் கறுப்பு மை பூசி, மேலே தெளிந்த பொலித்தீன் இழுத்துக் கட்ட வேண்டும். தாழ்ந்த பக்கத்தின் அடியில் காற்று உட்புகவும், உயர்ந்த பக்கத்தின் மேலே காற்று வெளியேறவும் துவாரங்கள் விட்டு நுளம்பு வலையால் மூட வேண்டும். சூடான காற்று மேலெழுந்து ஈரத்தையும் கொண்டு வெளியேறும். துவாரம் விடாவிட்டால் பொலித்தீனின் உட்புறம் நீர் துளிர்த்துப் பழத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

இதே பெட்டி மாம்பழக் காலத்திலும் உதவும். நன்கு கனிந்த பழத்தின் களி ஒரு கிலோவுக்கு ஒரு தேசிக்காயின் சாறும் இரண்டு மேசைக்கரண்டி சீனியும் சேர்த்து, கொதி வரும்வரை கிண்டி இறக்குங்கள். எண்ணெய் தடவிய தட்டில் கால் அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்புங்கள். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாட்களில் காயும். இரவில் பனி படாமல் உள்ளே எடுங்கள். நடுவில் தொட்டால் விரலில் ஒட்டக்கூடாது. வெட்டிப் போத்தலில் அடைத்த மறுநாள் உள்ளே நீர் துளிர்த்திருந்தால் திரும்பவும் காயவையுங்கள்.

அப்படியானால் மின் உலர்த்தி வேண்டாமா? வேண்டும், அதற்குரிய வேளையில். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலை நம்ப முடியாது. அப்போது பத்துக் குடும்பங்களுக்குப் பொதுவாக ஒன்று இருந்தால் பயன் உண்டு. ஆனால் அதை வாங்கிக்கொள்ளுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மின்கட்டணத்தை யார் கட்டுவது? பழுதானால் யார் திருத்துவது? செய்ததை யார், என்ன விலைக்கு வாங்குவது? விடை கிடைக்காத யந்திரம் மூலைக்குத்தான் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் இருப்பது பிறர் காணியில். விழுந்த பழம்தானே என்று கேளாமல் பொறுக்கினால் மனக்கசப்பு வரும். காணிக்காரருடன் முதலிலேயே பேசுங்கள். களி எங்களுக்கு, விதை உங்களுக்கு என்று ஒழுங்கு செய்யலாம். அவர் விதையைப் பாத்தி போட்டுக் கிழங்கு எடுப்பார், அதைக் காயவைத்தால் ஒடியல். ஒரு பழம் இரு வீட்டுக்கு உதவும்.

காணி எப்போது கிடைக்கும் என்பது எமது கையில் இல்லை. அதைக் கேட்பதை நாம் நிறுத்தவும் கூடாது. ஆனால் காணி கிடைக்கும்வரை பழம் அழுகக் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற ஆவணிக்கு நாலு குடும்பம் சேர்ந்து ஒரு பெட்டி அடியுங்கள். முதலில் காய்ந்த தகட்டைச் சந்தைக்கு அனுப்பாமல் உங்கள் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுங்கள். அவர்கள் மறுபடியும் கேட்டால், அது விற்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.